பச்சைப் பெட்டியை நம்பி ஏமாந்தோம்

வெப்சைட் செய்யக் கொடுத்து ஏமாந்த கதை இது. இன்னும் காசு கொடுக்காதவர்கள் படித்துவிட்டுக் கொடுங்கள்.

அம்மாவின் பலகாரத் தொழிலுக்காக, தெரிந்தவர் காட்டிவிட்ட ஒரு டெவலப்பரிடம் 18,000 ரூபாய் பேசினேன். லேப்டாப்பில் செய்தும் காட்டினார். பெயர், முகவரி போட்டு அழுத்தினால் சக்கரம் இரண்டு நொடி சுற்றும். பிறகு பச்சைப் பெட்டியில் நம் பெயரைச் சொல்லி 'நன்றி! உங்கள் ஆர்டர் எண் 4827' என்று வரும். தன் பெயரைத் திரையில் பார்த்து அம்மா சிரித்தாள். நான் மீதிப் பணத்தை அன்றே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் ஒரு ஆர்டரும் இல்லை. புதுக் கடைதானே, மெல்ல வரும் என்று இருந்தோம். பொருள் கைக்குப் போன பிறகுதான் காசு என்பதால் வங்கிக் கணக்கைப் பார்த்தும் கண்டுபிடிக்க வழியில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு அம்மா போனில் பிடித்துக்கொண்டார். "முறுக்கும் அதிரசமும் நாலு கிலோ சொன்னேனே தம்பி, நம்பர்கூட வந்துச்சே!" அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர்.

ராத்திரி உட்கார்ந்து எஃப்12 தட்டி, பக்கம் வெளியே அனுப்புவதையெல்லாம் வரி வரியாகக் காட்டும் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். அங்கே ஒரு வரிகூட விழவில்லை. வைஃபையை அணைத்துவிட்டு அழுத்தினேன். அப்போதும் 'நன்றி'! பட்டனுக்குப் பின்னால் ஓடும் ஸ்கிரிப்ட் மொத்தமே ஏழெட்டு வரி. செட்டைம்அவுட் 2000 மில்லிநொடி காக்க வைக்கிறது, மேத்.ரேண்டம் ஒரு எண்ணை உருட்டிப் போடுகிறது, பெட்டியின் டெக்ஸ்ட்கன்டென்ட், அதாவது உள்ளே இருக்கும் எழுத்து, மாறுகிறது. தகவலை எங்கேயும் அனுப்பவே இல்லை.

கேட்டதற்கு, "பேக்எண்ட் தனி சார்ஜ்ணே, நீங்க டிசைன்தானே சொன்னீங்க" என்றார். ஆர்டரை வாங்கிச் சேமிக்கும் பின்பக்க வேலைதான் பேக்எண்ட். பிறகு போனை எடுப்பதே இல்லை. எழுதி வாங்காதது என் தப்பு. 'ஆர்டர் பேஜ் ரெடி' என்று வாட்ஸ்அப்பில் அவர் போட்ட ஒரு வரி மட்டும் இருந்தது. அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்போது நண்பன் ஒருவன் திருத்திக் கொடுத்திருக்கிறான். ஆர்டர் எண், ஆர்டரைப் பதிந்துவைக்கும் கணினியான சர்வரிலிருந்து வந்தால்தான் பெட்டி பச்சையாகும். அவன் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது: சர்வர் 500 என்று தன் பக்கப் பிழையைச் சொன்னாலும், தகவலை அனுப்பும் ஃபெட்ச் என்ற கட்டளை அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. பதில் நல்லபடியாக வந்ததா என்று சொல்லும் ரெஸ்பான்ஸ்.ஓகே என்பதைப் பார்க்காமல் எழுதினால், உண்மையான சர்வர் இருந்தும் இதே பொய்தான் திரையில் வரும். அதனால் காசு கொடுக்கும் முன் நெட்டை அணைத்து ஒரு தடவை, சர்வரை நிறுத்தி ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் சிவப்புதான் வர வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நாலு கிலோவை தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் பஸ் பார்சலில் அனுப்பினோம். எங்கள் அம்மா அதற்குக் காசு வாங்கவில்லை. போனில் கூப்பிட்டவர்கள் ஆறு பேர். கூப்பிடாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ, அது எங்குமே பதிவாகவில்லை.