அட்டெண்டர் யாரும்மா?

கொழுந்தன் மகள் கல்யாணத்துக்காக லண்டனிலிருந்து கொழும்பு வழியாகத் திருச்சி வந்து, அங்கிருந்து புதுக்கோட்டை போனோம். என் கணவருக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். நோய் அடங்கி, திரும்பி வராமலிருக்கத் தரும் பராமரிப்புச் சிகிச்சையில் இருந்தார்: தினமும் மெர்காப்டோப்யூரின், வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட்; இரண்டும் கீமோ மருந்துகள். ரத்தப் பரிசோதனையை மட்டும் விடக் கூடாது என்று சொல்லித்தான் லண்டன் டாக்டர் அனுப்பினார். பயணக் காப்பீடு வாங்கிய கதையை விடுங்கள், அது தனிப் புராணம்.

புதுக்கோட்டையில் லேப் தம்பி காலை ஆறரைக்கே பைக்கில் வந்து கூடத்திலேயே ரத்தம் எடுத்துப் போவார். மதியச் சாப்பாட்டுக்கு முன் ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்துவிடும். லண்டனில் இந்தச் சொகுசு எங்களுக்கு வாய்த்ததில்லை. ஆனால் ரிப்போர்ட்டைப் படிக்கப் பழக வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணு, அதாவது பிளேட்லெட், அங்கே 140 என்றால் இங்கே 1.40 லட்சம். கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் அங்கே 1.2 என்றால் இங்கே 1,200. சில லேப்கள் சதவீதத்தை மட்டும் போட்டுவிடும்; மொத்த வெள்ளணுவோடு பெருக்கிப் பார்ப்பது நம் பாடு.

கல்யாணம் முடிந்த மறுநாள் இரவு அவருக்கு 101 டிகிரி காய்ச்சல். லண்டனில் கீமோ நோயாளிக்கு ஒரு அட்டை தருவார்கள். காய்ச்சல் வந்தால் அதிலுள்ள எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம்; ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறிவிட வேண்டும் என்பது அங்கே கணக்கு. அந்த அட்டையைத் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் நீட்டினேன். ட்யூட்டி டாக்டர் சின்னப் பெண். படித்த மாத்திரத்தில் எழுந்துவிட்டார். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு உடனே ரத்தம் எடுத்தார்கள். ஆனால் ஆன்டிபயாட்டிக் ஏறியது, நான் கீழே பார்மஸியில் வரிசையில் நின்று, பணம் கட்டி, வாங்கி வந்து கொடுத்த பிறகு.

நம் ஊரில் மிஷின், மருந்து, கைராசி எதற்கும் குறைவில்லை. ஓடுவது மட்டும் நோயாளியோடு வந்தவர் வேலை; அவருக்குப் பேர்தான் அட்டெண்டர். சாம்பிளோடு லேபுக்கு, பில்லோடு கவுண்டருக்கு, சீட்டோடு ரத்த வங்கிக்கு. "அட்டெண்டர் யாரும்மா?" என்று சிஸ்டர் கூப்பிட்டால் அது நான்தான். அழுவதென்றால் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அழுதுகொள்ள வேண்டும்.

நியூட்ரோஃபில் 300, பிளேட்லெட் 14,000; இரண்டுமே ரொம்பக் குறைவு. "எஸ்.டி.பி. ஒரு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க" என்றார்கள். எஸ்.டி.பி. என்றால், ஒரே ஆளிடமிருந்து மிஷின் வழியாகத் தட்டணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தைக் கொடுத்தவருக்கே திருப்பி ஏற்றுவார்கள். லண்டனில் அந்தப் பை யாரிடமிருந்து வந்தது என்று யோசித்ததே கிடையாது. இங்கே ஆளை நாம் பிடிக்க வேண்டும். கொழுந்தன் வாட்ஸப்பில் போட்ட கொஞ்ச நேரத்தில் காலேஜ் பையன்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் ஆஸ்பிரின் போட்டிருந்தார். ஒருவருக்கு நரம்பு மெலிசு. மூன்றாவது பையன் ரப்பர் பந்தை அமுக்கியபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்தார். பேர் கேட்டால் "எதுக்குக்கா அதெல்லாம்" என்றார். ஒரு ஃப்ரூட்டிக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

பையை எடுத்துவர மாமா ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டார். "ஐயா, ரத்தத்துக்குத்தான் ஐஸ். தட்டணுவுக்கு ஆகாது" என்று டெக்னீஷியன் தடுத்தார். 20 முதல் 24 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்திருக்கிறார்கள்; அப்படியும் 5 நாள்தான் தாங்குமாம்.

பிளேட்லெட் என்றாலே நம் ஆட்களுக்கு டெங்கு. ஃப்ளாஸ்கில் பப்பாளி இலைச் சாறு வந்தது, நிலவேம்பு வந்தது. எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கி வாஷ்பேசினில் ஊற்றினேன். கிருமிக்குப் பயந்து அறைக்குள் யாரையும் விடாததில் சின்ன மாமியாருக்கு இன்னும் வருத்தம்.

என் கணவர் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நோய் திரும்பிவிட்டதோ என்ற பயம் எங்கள் இரண்டு பேருக்குமே; வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதும் ஸ்மியர் ரிப்போர்ட்டில் 'பிளாஸ்ட் செல்கள் இல்லை' என்று ஒரு வரி; ரத்தத்தில் புற்று அணுக்கள் தென்படவில்லை என்று அர்த்தம். அதைக் காட்டியதும் "இட்லி கிடைக்குமா பாரு" என்றார்.

கீமோ மாத்திரையை நிறுத்தி, டிக்கெட்டையும் தள்ளிப்போட்டோம். அணுக்கள் ஏறியதும் பாதி அளவில் தொடங்கலாம் என்று லண்டனிலிருந்து பதில் வந்தது. இப்படி வந்து மாட்டுபவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு கல்ச்சர் ரிப்போர்ட்டையும், ஏற்றிய பையின் எண், தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால்தான் தருவார்கள். லண்டன் நர்ஸ் முதலில் கேட்டது அதைத்தான்.