மூன்று மொழிக் கீபோர்டும் ஒரு தேடல் பெட்டியும்

காலி வீதியில், வெள்ளவத்தைப் பக்கம், அழைப்பிதழ், மொழிபெயர்ப்பு, போட்டோகொப்பி எல்லாம் சேர்த்துச் செய்கிற ஒரு சின்னக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒருவர் வந்து நிற்பார். "தம்பி, முந்தி மூத்தவளின்ர கலியாணக் கார்ட் இஞ்சதானே அடிச்சனாங்கள். அதே டிசைனில இளையவளுக்கும் வேணும்." பெயரைக் கேட்டால் சொல்வார். அந்தப் பெயரை அன்றைக்கு நாங்கள் எப்படி எழுத்துக்கூட்டிச் சேமித்தோம் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவர் மேசையில் விரலால் தாளம் போடத் தொடங்குவதற்குள் கோப்பு திறந்தாக வேண்டும்.

கடையில் நாலு பேர். மவுஸைத் தொடாமல் தேடுகிற விஷயத்தில் நாலு பேருக்கும் நாலு கட்சி. தேநீர் நேரத்தில் "இந்தக் கருவியில இதை மட்டும் கூட்டினால் போதும்" என்று ஆளுக்கொரு யோசனை வரும். ஒருவர் கேட்பது மற்றவருக்கு ஆகாது. அந்த யோசனைகளை எதிரெதிரே வைத்துப் பார்த்ததுதான் இந்த அலசல்.

என் மேசையில் இருப்பது எவ்ரிதிங், விண்டோஸில் கோப்பைப் பெயரால் தேட டேவிட் கார்ப்பென்டர் எழுதிய இலவசக் கருவி. அதன் வேகத்தின் ரகசியம் எளியது. எந்தக் கோப்பு எங்கே என்ற பேரேடு ஒன்றை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற முறையில் அமைந்த வட்டு தானே வைத்திருக்கிறது. எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராக நடந்து திரியாமல் அந்தப் பேரேட்டையே வாசித்துவிடுகிறது. பிறகு நடக்கும் மாற்றங்களை யூஎஸ்என் ஜர்னல் என்ற வட்டின் நாட்குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 10 இலட்சம் கோப்புகளை முதல் தடவை பட்டியலிட ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது உருவாக்கியவர்களே சொல்லும் கணக்கு.

டிசைனர் தம்பி பவர்டாய்ஸ் ரன் ஆள். மைக்ரோசாப்ட் 2020இல் வெளியிட்டது, ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் திரை நடுவில் ஒரு பெட்டி வரும். செயலி, கணக்கு, கோப்பு எல்லாம் அதற்குள்ளேயே. கோப்புக்கு மட்டும் அது, தேடலுக்காக விண்டோஸ் முன்கூட்டியே குறித்து வைக்கும் சொந்த அட்டவணையை நம்பி இருக்கிறது. தட்டச்சு அக்கா விண்டோஸ் பொத்தானை அழுத்தி நேரே அடிப்பார். முதலாளியிடம் மேக், அதில் ஆல்ஃபிரெட் என்ற தேடல் பெட்டி. ஆல்ஃபிரெட்டும் மேக்கின் சொந்தத் தேடலான ஸ்பொட்லைட்டின் அட்டவணையின் மேல்தான் ஏறி நிற்கிறது. லிஸ்டரி என்ற இன்னொரு விண்டோஸ் தேடல் கருவியை நான் சில காலம் வைத்திருந்தேன், அதைப் பற்றிப் பின்னால்.

முதல் சண்டை, முடிவுகள் எந்த ஒழுங்கில் வர வேண்டும் என்பது. நான் அடிக்கடி திறப்பதைக் கருவி கற்றுக்கொண்டு மேலே கொண்டுவர வேண்டும் என்பது தம்பியின் கட்சி. பவர்டாய்ஸ் ரன்னில் முன்பு தேர்ந்தெடுத்ததற்கு எவ்வளவு எடை என்று கூட்டிக் குறைக்க ஓர் அமைப்பே இருக்கிறது. ஆல்ஃபிரெட்டும் பழகப் பழகக் கற்கும். எவ்ரிதிங்கோ சொல்லாவிட்டால் பெயர் வரிசையில்தான் காட்டும். வேண்டுமானால் திருத்திய தேதிப்படி மாற்றலாம், எத்தனை தடவை திறந்தோம் என்ற எண்ணிக்கைப்படியும் அடுக்கலாம். அதை நாமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் நானும் கற்கும் கட்சியில்தான் இருந்தேன். கற்றுக்கொள்ளும் லோஞ்சர் ஒன்றில், அதாவது இப்படிப் பெயரடித்துத் திறக்கிற பெட்டி ஒன்றில், பெயர் வேண்டாம், மூன்றெழுத்து அடித்து என்டர் தட்டுவது கைப்பழக்கமாகிவிட்டது. திருத்தம் பார்க்கும்போது பழைய வரைவைப் பலமுறை திறந்திருக்கிறேன். அதுதான் எனக்கு வேண்டியது என்று கருவி முடிவு செய்து மேலே ஏற்றிவிட்டது. கண் திரையில் இல்லை, கை மட்டும் தட்டியது. அச்சுக்குப் போன அட்டையில் மாற்றப்படுவதற்கு முந்தைய முகூர்த்த நேரம். மறுபடி அடித்துக் கொடுத்தோம், காசு கடையுடையது, ஏச்சு எனக்கு.

அன்றிலிருந்து என் கட்சி மாறிவிட்டது. செயலிகளுக்குக் கற்றல் நல்லது: அவை கொஞ்சம், நாளைக்கும் அதே செயலிதான். கோப்பு அப்படியல்ல. அதிகம் திறந்தது நேற்றைய வேலை, வேண்டியது இன்றைய வேலை. அதே எழுத்தை அடித்தால் அதே வரிசை வருமென்ற நம்பிக்கை போய்விட்டால், கீபோர்டால் தேடுவதில் என்ன மிச்சம்? திரையைப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமென்றால் மவுஸே போதும்.

இரண்டாவது, தளர்வான பொருத்தம். எழுத்துகள் அடுத்தடுத்து இல்லாவிட்டாலும், வரிசை மாறாமல் எங்கேனும் இருந்தால் போதும் என்கிற முறை. லினக்ஸ்காரர்கள் கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் பயன்படுத்தும் எஃப்இசட்எஃப் இதற்குப் பேர்போனது. எவ்ரிதிங் அடித்த துண்டு அப்படியே பெயரில் இருக்கிறதா என்று பார்க்கும்.

ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ப் பெயர்களுக்குத் தளர்வு வரப்பிரசாதம். சிவகுமார் என்ற பெயருக்கு எச் போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு, கடைசியில் இரண்டு ஏ போடுபவரும் உண்டு. ஆனால் இதில் ஒரு சூட்சுமம். தளர்வு என்பது நீங்கள் எழுத்தை விட்டால் மன்னிக்கும், கூட அடித்தால் மன்னிக்காது. எச் இல்லாமல் அடித்தால் எச் உள்ள கோப்பு வரும், எச் போட்டு அடித்தால் எச் இல்லாத கோப்பு வராது. அதனால் உயிரெழுத்துகளை மறந்து எஸ், வி, கே, எம், ஆர் என்று மட்டும் அடிப்பதே கெட்டித்தனம்.

தமிழ் எழுத்தில் இதே முறை கோமாளித்தனம் செய்கிறது. கணினிக்கு க ஒரு குறி, அதன் மேல் விழும் விசிறி, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. ஆகவே 'வரி' என்று தேடினால் 'வரவேற்பிதழ்' வரும். வகரமும் ரகரமும் முன்னால் இருக்கின்றன, விசிறியைப் பகரத்திலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. 'படம்' என்றால் 'பாடத்திட்டம்' வந்து நிற்கும். எழுத்தை முழு எழுத்தாகப் பார்க்காமல் தளர்வை மட்டும் கூட்டினால் எங்களுக்கு அது உபகாரமில்லை. இருக்கிறபடி எவ்ரிதிங்கின் கண்டிப்பே எனக்குப் போதும். இரண்டு துண்டுகளை இடைவெளி விட்டு அடித்தால் இரண்டும் உள்ள பெயர்கள் வரும், நடுவில் செங்குத்துக் கோடு போட்டால் இதுவோ அதுவோ வரும். எச் தகராறுக்கு அந்தக் கோடே தீர்ப்பு.

மூன்றாவது அக்காவின் கோரிக்கை: பெயரை விடு, உள்ளே இருக்கும் சொல்லைத் தேடிக் கொடு. விண்டோஸ் தேடல் வேர்ட் கோப்புகளின் உள்ளடக்கத்தை அட்டவணையில் வைத்திருப்பதால் இதைச் செய்யும். எவ்ரிதிங் 1.4இல் உள்ளடக்கத் தேடல் உண்டு, ஆனால் அட்டவணை இல்லாமல் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்ப்பதால் தேநீர் ஆறிவிடும். அப்படியானால் அக்காவுக்கே வெற்றி என்று நினைத்தேன். பாமினி குறுக்கே வந்தது.

எங்கள் பழைய கோப்புகளில் பெரும்பங்கு பாமினி எழுத்துருவில் அடித்தவை. அது எல்லா மொழிக்கும் தனித்தனிக் குறி கொடுக்கும் பொதுமுறையான யூனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி. 'அம்மா' என்று திரையில் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். யூனிகோடில் 'அம்மா' என்று தேடினால் ஒன்றுமே வராது. அக்காவோ தமிழ் விசைமுறைக்கு மாறாமலே, ஆங்கிலத்திலேயே கையை வைத்துப் பாமினிப் பழக்கத்தில் அடித்துத் தேடினார், பழைய சத்தியக்கடதாசி ஒன்று வந்தது. நாங்கள் வாயைப் பிளந்தோம். எப்போதும் வராது: சொல் சொல்லாக வெட்டி வைக்கிற அட்டவணையில் அரைப்புள்ளி வந்த இடத்தில் சொல் உடைந்துவிடும். கார்ட் வேலையிலோ அதுவும் இல்லை. கார்ட் வரையும் கோரல் ட்ரோ செயலியில் எழுத்தைக் கேர்வ்ஸாக மாற்றிவிட்ட பிறகு உள்ளே இருப்பது வெறும் கோடு, தேடுவதற்குச் சொல்லே கிடையாது. மொழிபெயர்ப்பு மேசைக்கு உள்ளடக்கத் தேடல், அச்சு மேசைக்குப் பெயர்த் தேடல் என்று பிரித்து விட்டுவிட்டோம்.

சின்னச் சின்ன ஆசைகளை வேகமாகச் சொல்கிறேன். முன்பார்வைப் பலகம் வேண்டுமென்கிறார் முதலாளி, இருந்தால் நல்லதுதான், இல்லாமலும் பிழைப்பு ஓடும். வாடிக்கையாளர் பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ளவையும் தேடலில் வர வேண்டும் என்கிறான் தம்பி. நான் இதற்கு எதிரி. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் உள்ள டிரைவ் அது. ஒருவரின் கோப்புப் பெயர் அடுத்தவர் நிற்கும்போது திரையில் வரக் கூடாது. அதிலும் எவ்ரிதிங் வட்டின் பேரேட்டையே வாசிப்பதால், அதே கணினியில் வேறு கணக்கில் உள்ளவரின் கோப்புப் பெயர்களையும் காட்டிவிடும். பொதுக் கணினி உள்ள கொமினிகேசன் கடைக்காரர்கள் இதை யோசித்துப் போட வேண்டும்.

லிஸ்டரியில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. கோப்பைச் சேமிக்கும் பெட்டி திறந்திருக்கும்போது கண்ட்ரோலும் ஜீயும் அழுத்தினால், எக்ஸ்ப்ளோரரில் திறந்து வைத்த ஃபோல்டருக்கே அந்தப் பெட்டி தாவிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சேமிக்கிறோம்! இதை மற்றவர்கள் எல்லோரும் தாராளமாகக் களவெடுக்கலாம். கண்ட்ரோலை இரண்டு தடவை தட்டி அழைப்பதுதான் டிசைன் வேலையில் தொல்லை, அந்தப் பொத்தானில்தான் விரல் குடியிருக்கிறது. ஆல்ட் ஸ்பேஸும் சுத்தமல்ல. அது விண்டோஸில் சாளரத்தின் நகர்த்து, மூடு பட்டியலுக்கு உரிய பழைய குறுக்குவழி.

இனி யாரும் கேட்காத யோசனை. கீபோர்டால் ஓடும் கருவி என்கிறோமே, எந்தக் கீபோர்ட்? கொழும்பில் ஒரு கணினியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். சத்தியக்கடதாசியைத் தமிழில் அடித்துக்கொண்டிருக்கும்போது தேடல் பெட்டியைத் திறந்தால் அதுவும் தமிழில் நிற்கும். ஆங்கிலப் பெயரை அடிக்கத் தமிழ்க் குப்பை விழும். அழி, விண்டோஸும் ஸ்பேஸும் அழுத்தி மொழி மாற்று, திரும்ப அடி. கருவி அரை நொடியில் தேடி மிச்சப்படுத்தியதெல்லாம் அங்கே கரைந்துவிடும். ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறை என்றொரு அமைப்பு விண்டோஸில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு எவ்ரிதிங்கை மூடாமல் வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

மீதிப் பாதிக்குக் கருவிதான் மாற வேண்டும். சீன மொழிக்காரர்களுக்குப் பவர்டாய்ஸ் ரன்னில் பின்யின் வசதி உண்டு: ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை அடித்தால் சீன எழுத்தில் உள்ள பெயர் வரும். தமிழுக்கு அது ஏன் இல்லை? கஷ்டம் எனக்கும் தெரியும். பின்யின் ஒரே ஒழுங்கு, நம் எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம். ககரம் கே, ஜீ, எச் மூன்றாகவும் வரும், தகரத்துக்கு டீ எச் போடுவது இங்கத்தேய வழக்கம், ழகரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் உயிரை விட்டு மெய்யை மட்டும் ஒப்பிட்டால் அந்தச் சிக்கலில் முக்கால்வாசி அவிழும். சிவகுமாருக்கு நாங்கள் கையால் செய்வதைக் கருவி செய்தால் போதும். கூடவே ஒன்று: 'கொழும்பு' என்பதன் 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், கொம்பும் காலும் ஒரே குறியாக, அல்லது தனித்தனியாக. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை பிரித்துத்தான் சேமித்தது. குறிக்குக் குறி ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு ஊர். அதைச் சமன் செய்வது சில வரி நிரல் வேலை.

இந்த வசதி வந்தால் தம்பியின் கற்றலையும் முதலாளியின் முன்பார்வையையும் நான் தாரை வார்ப்பேன். அதுவரை புதுக் கோப்புகளுக்கெல்லாம் முதலில் தேதி, பிறகு உயிரில்லாத ஆங்கிலப் பெயர் என்று வைக்கிறோம். அக்கா மட்டும் சம்மதிக்கவில்லை. கோப்பின் பெயரையும் பாமினிப் பழக்கத்திலேயே அடித்து வைக்கிறார், தேடும்போதும் அப்படியே அடிக்கிறார், எங்களைவிட வேகமாக எடுக்கிறார். போன மாதம் அந்த அரைப்புள்ளிகள் நிறைந்த பெயர்களைப் பார்த்த முதலாளி வைரஸ் என்று நினைத்து ஒரு ஃபோல்டரையே அழிக்கப் போனார். நல்லவேளை, அக்கா பக்கத்தில் இருந்தார்.