மார்வாரி நல்ல குதிரைதான், தண்ணீர் குடித்தால்

நீண்ட தூரச் சவாரிக்கு ராஜஸ்தான் இனமான மார்வாரிக் குதிரை வாங்கலாமா, இல்லை சென்னை ரேஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) ஒன்று மலிவாக வருகிறதே, அதை எடுக்கலாமா என்று குடியாத்தத்துத் தம்பி ஒருவர் கேட்டார். 160 கிலோமீட்டர் போட்டிகளில் அரபுக் குதிரையை அடிக்க ஆளில்லை, அது எல்லாருக்கும் தெரியும். நம் கைக்கு எட்டும் விலையில் நல்ல அரபு கிடைத்தால் இந்தக் கேள்வியே வராது.

என்னிடம் இருப்பது மார்வாரிப் பெண் குதிரை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனசு வராது. ரேவால் நடை என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், கணியம்பாடி தாண்டி அமிர்தி வரைக்கும் அதிலேயே போனாலும் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடாது, இடுப்பு வலி என்ற பேச்சே இல்லை. குளம்பு கெட்டி. கொள்ளும் தவிடும் புல்லும் போதும். வேலூர் வெயிலில்கூட நிழலில் நிறுத்தினால் இதயத் துடிப்பு சீக்கிரமே நிமிடத்துக்கு 64-க்கு இறங்கிவிடும், போட்டியில் டாக்டர் எதிர்பார்க்கிற அளவு அதுதான்.

ஆனால் வீட்டுத் தொட்டியைத் தவிர வேறு எங்கேயும் வாய் வைக்க மாட்டாள். ஏரி, பம்புசெட், வாளி, எதைக் காட்டினாலும் மோந்து பார்த்து, ஒரு சீறல், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இது சின்ன விஷயம் இல்லை. குதிரை வியர்வையில் உப்பு நம்முடையதைவிட அதிகம். தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் ரத்தத்தில் உப்பு ஏறுவதில்லை, ஏறினால்தானே தாகம் எடுக்கும்? உடம்பு வற்றிக்கொண்டிருக்கும், அதற்கே தெரியாது. கழுத்துத் தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கும், ஈறு பிசுபிசுக்கும், அப்புறம் வயிற்றுவலி. சரி, உப்புக் கரைசலை வாயில் ஊற்றலாம் என்றால், தண்ணீர் குடிக்காத குதிரைக்கு அது இன்னும் கெடுதல். வீட்டிலேயே வெல்லத் தண்ணீர் பழக்கி, வெளியிலும் அதையே கரைத்துக் கொடுக்கிறேன், மகாராணிக்கு மனசிருந்தால் குடிப்பாள். போன ஞாயிறு ஒடுகத்தூர் பக்கம் ஒரு பெரியவர் எங்களுக்காகவே மோட்டார் போட்டுவிட்டார், இவள் தண்ணீரில் காலை விட்டு அடித்து விளையாடினாளே தவிர ஒரு வாய் உள்ளே போகவில்லை.

எல்லா மார்வாரியும் இப்படி இல்லை, இனத்தைக் குறை சொல்வது நியாயமும் இல்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டதால் சொல்கிறேன் தம்பி, அந்தத் தரோபிரெட்டையே எடுங்கள். குளம்பு தொல்லை, தீனிச் செலவு, எல்லாம் இருக்கட்டும், ஊர் ஊராக லாரியில் போய்ப் பழகியது, வாளியை வைத்தால் குடிக்கும். இல்லை, மார்வாரிதான் வேண்டும் என்று ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போனால், உள்பக்கம் வளைந்த அந்தக் காதையும் சுழியையும் அப்புறம் பாருங்கள், முதலில் பக்கத்துக் கடையில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி முன்னால் வையுங்கள்.