திருப்பூர் தண்ணீர் ஆய்வகத்தில் கோடைப் பயிற்சி: போகலாமா?

எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டு முடிந்த விடுமுறையில் திருப்பூரில் ஒரு தனியார் தண்ணீர் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சாயப்பட்டறைக் கழிவுநீர், சுத்திகரிப்பு நிலையத்து நீர், தோட்டத்து போர்த் தண்ணீர், அபார்ட்மெண்ட் தொட்டித் தண்ணீர் எல்லாம் சோதனைக்கு வந்து சேரும் இடம் அது. போகலாமா என்று கேட்கும் ஜூனியர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்டிப்பாகப் போகலாம். சில குறைகளையும் சொல்லப்போவதால் ஆய்வகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எனக்கு ஊர் சென்னிமலைப் பக்கம். நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டினார்கள். கொஞ்ச வருடத்திலேயே அதில் சாயத் தண்ணீர் தேங்கி, அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று விவசாயிகளே நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டது அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் மொத்த அளவைச் சொல்லும் டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்தைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டுத் திண்ணையில் கேட்டவள் நான். அதனால் மருந்து கம்பெனி, உணவு ஆய்வகம் என்று வேறு வாய்ப்புகள் இருந்தும் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பது முதல் வாரமே புரிந்துவிட்டது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் சாதா உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) நிறையப் போட வேண்டும். அப்போதுதான் சாயம் தண்ணீரை விட்டு நூலைப் பிடிக்கும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை எடுப்பதைவிட, கண்ணுக்குத் தெரியாத இந்த உப்பை எடுப்பதுதான் பெரிய செலவு. ஆர்.ஓ., அதற்குப் பிறகு ஆவியாக்கி என்று சுத்திகரிப்பு நிலையங்கள் இத்தனை கட்டமாக நீளுவது அதனால்தான். ஒரே நிலையத்தின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் வந்த பாட்டில்களை வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்தால், வகுப்பில் படம் போட்டு விளக்கியதைவிட நன்றாக மனதில் நிற்கிறது.

எனக்கு அதிகம் கிடைத்த வேலை சி.ஓ.டி., அதாவது தண்ணீரில் உள்ள அழுக்கை வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று பார்க்கும் சோதனை. காலையில் வந்ததும் முதல் வேலை, டைட்ரேஷனில் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பெரஸ் அமோனியம் சல்பேட் கரைசலின் வலுவை மறுபடி கண்டுபிடிப்பது. அது காற்றுப்பட்டால் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும். "நேத்துப் போட்ட எண்ணு நேத்தோட போச்சு அம்மணி, இன்னிக்கு மறுபடி பாரு" என்பார் சீனியர் அனலிஸ்ட் அக்கா. அப்புறம் சாம்பிளோடு டைகுரோமேட், வெள்ளி சல்பேட் கலந்த கந்தக அமிலம் எல்லாம் சேர்த்து 150 டிகிரியில் 2 மணி நேரம் வைக்க வேண்டும். ஆறவைத்து, நிறம் மாறிக் காட்டும் பெரோயின் இரண்டு சொட்டு விட்டு டைட்ரேட் செய்தால் நீலப்பச்சை சட்டென்று செம்பழுப்பாக மாறும். கடைசிச் சொட்டில் நடக்கும் அந்த மாற்றத்தைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஒரு நாள் ஒரு பட்டறையிலிருந்து தெளிவாக, நிறமே இல்லாமல் ஒரு சாம்பிள் வந்தது. அக்கா என்னை முதலில் குளோரைடு பார்க்கச் சொன்னார். வெள்ளி நைட்ரேட் ப்யூரெட்டில் இறங்கிக்கொண்டே இருந்தது, கரைசலின் மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறவே இல்லை. அவ்வளவு குளோரைடு. லிட்டருக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் சாதாரண சி.ஓ.டி. முறையை அப்படியே நம்பக் கூடாது. டைகுரோமேட் அந்தக் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து எண்ணை ஏற்றிவிடும். அதைத் தடுக்கத்தான் மெர்குரி சல்பேட் சேர்க்கிறோம், அதற்கும் ஓர் எல்லை உண்டு. நீர்த்துப்போகச் செய்து, ஒரே சாம்பிளை இரண்டு குழாய்களில் வைத்தோம். இரண்டுக்கும் விடை ஒத்துப்போகவில்லை. அதற்குள் பட்டறை மேனேஜர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். "நாளைக்குத்தாங்க தர முடியும்" என்று சொல்லிவிட்டு, சாம்பிளுக்குப் பதில் சுத்தத் தண்ணீரை வைத்துச் செய்யும் பிளாங்க்கில் இருந்து எல்லாவற்றையும் மறுபடி வைக்கச் சொன்னார் அக்கா. கூடவே ஒரு சரிபார்ப்புக் கரைசலும் வைத்தோம். லிட்டருக்கு 425 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் கரைத்தால் சி.ஓ.டி. 500 வர வேண்டும். அது சரியாக வந்த பிறகுதான் சாம்பிளின் எண்ணை நோட்டில் எழுத விட்டார்.

கல்லூரி லேபில் நமக்குக் கொடுக்கும் கரைசலுக்கு விடை ஆசிரியரின் நோட்டில் இருக்கும். நாம் அதற்கு எவ்வளவு பக்கத்தில் போகிறோம் என்பதற்குத்தான் மதிப்பெண். இங்கே விடை யாரிடமும் கிடையாது. அந்தத் தண்ணீரைப் பற்றி உலகத்திலேயே முதலில் தெரிந்துகொள்ளப் போவது நாம்தான். பிளாங்க், இரட்டை சாம்பிள், சரிபார்ப்புக் கரைசல் எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஒரு பாடத்துக்காகவே அந்த ஆய்வகத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

பி.ஓ.டி. பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று பார்க்கும் சோதனை இது. நம் புத்தகத்தில் 20 டிகிரியில் 5 நாள் என்று இருக்கும். இந்தியத் தரமுறையில் 27 டிகிரியில் 3 நாள். வியாழக்கிழமை வைத்த பாட்டிலை ஞாயிற்றுக்கிழமை எடுத்தே ஆக வேண்டும், அதனால் சில ஞாயிறுகள் போகும். சேருவதற்கு முன் வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள்.

இனி குறைகள். சாம்பிள் எடுக்க வெளியே போகும்போது பையன்களைத்தான் கூப்பிட்டார்கள். "பொண்ணுப் புள்ளைங்க எதுக்கு இந்த வெயில்ல அலையணும்" என்றார் மேனேஜர். அக்கறையாகத்தான் சொன்னார், தெரியும். ஆனால் சாம்பிளைத் தப்பாக எடுத்தால் லேபில் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தும் பயனில்லை. அந்தப் பாதிப் படிப்பை எங்களுக்குத் தராமல் விடுவது நியாயமில்லை. கேட்டுக் கேட்டுத்தான் வேனில் ஏறினேன். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போன பிறகு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிப் பிடிக்க வேண்டும். உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டில் தனி, அதை மட்டும் அலசக் கூடாது. எல்லாம் ஐஸ் பெட்டியில் வர வேண்டும். இதைச் செய்து பார்க்காமல் பயிற்சி முழுமையாகாது.

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இந்தத் தண்ணி மாடு குடிக்கலாமுங்களா? தென்னைக்குப் பாயலாமுங்களா?" அவர் கைக்குப் போன ரிப்போர்ட்டில் அதற்கு விடை இல்லை. இரண்டு பக்கமும் ஆங்கிலம், எண்கள், பக்கத்தில் குடிநீர்த் தர எல்லை: டி.டி.எஸ். 500, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 வரை. அவர் கேட்டது குடிநீரைப் பற்றியே இல்லை. பணம் கட்டிச் சோதனை செய்தவர் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் தமிழில் நான்கு வரி சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன். மாதிரியும் எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்கள். நான் கிளம்பும்வரை ஒன்றும் மாறவில்லை. என் பெரிய வருத்தம் இதுதான்.

புகை இழுக்கும் பெட்டி ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்தது. சாம்பிளை அமிலத்தோடு சூடாக்கும் அமிலச் செரிப்பு நடக்கும் நாளில் தொண்டை எரிந்தது. சின்ன அளவுக் கையுறையும் பாதி நாள் கிடைக்காது, சொந்தமாக ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதரசமும் குரோமியமும் கலந்த சி.ஓ.டி. கழிவை ஒருபோதும் சிங்க்கில் ஊற்றவிடவில்லை. தனி கேனில் சேர்த்து, முறையாகத்தான் அனுப்பினார்கள். தண்ணீரைச் சோதிக்கும் இடமே தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்பதில் அக்கா கறாராக இருந்தார்.

உலோகங்களை அளக்கும் ஏ.ஏ.எஸ்., அயனிகளைப் பிரித்து அளக்கும் அயான் குரோமட்டோகிராப் போன்ற பெரிய கருவிகளை வேடிக்கைதான் பார்க்க முடியும். அதில் கை வைத்துப் பழகுவதுதான் உங்கள் ஆசை என்றால் வேறு இடம் பாருங்கள். கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. பஸ் செலவும் முக்கு பேக்கரியில் டீ, தேங்காய் பன் செலவும் நம்முடையது. என் தோழி ஒருத்தி பணம் கட்டிச் சேர்ந்த வேறொரு பயிற்சி மையத்தில் முழு நேரமும் பவர்பாயிண்ட் காட்டிவிட்டு சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதோடு பார்த்தால் இது எத்தனையோ மேல்.

எந்த ஆய்வகமானாலும் சேருவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: பயிற்சி மாணவர்கள் கைக்கு உண்மையான சாம்பிள் வருமா, சாம்பிள் எடுக்கக் கூட்டிப்போவார்களா. துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு மார்ச்சுக்குள் நேரில் போய்விடுங்கள். மெயிலுக்குப் பதில் வராது. மே மாதத்தில் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிணறு வற்றி, புதுப் போர் போட்டவர்கள் பாட்டிலோடு வரிசையில் நிற்கும் மாதம் அது, வேலை நிறையக் கிடைக்கும்.