ஸ்ட்ரிங்_டு_அரே, அன்னெஸ்ட்: ஏழு வருஷப் பழக்கமும் ஒரு தீராத கோபமும்

கூட வேலை பார்ப்பவர் போன வாரம் கேட்டார். ஒரே ஃபீல்டில் நாலைந்து பெயர்கள் அரைப்புள்ளி போட்டு அடைத்துக் கிடக்கின்றன, தனித்தனி வரிசையாகப் பிரிக்க போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் எது நல்லது என்று. ஸ்ட்ரிங்_டு_அரே போட்டுச் சரத்தை (எழுத்துத் தொடரை) அரேயாக, அதாவது பட்டியலாக, உடைத்து, அன்னெஸ்ட் போட்டு அதை வரிசைகளாக விரித்துவிடுங்கள் என்றேன். ஏழு வருஷமாக நான் செய்வது அதுதான். மாதிரிக்கு என் பழைய குவெரி (தரவைக் கேட்டெடுக்கும் கட்டளை) ஒன்றைத் தேடி எடுத்தேன். வினை அங்கேதான் இருந்தது.

நூல் பட்டியல் அது. மூன்று நூல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நூலுக்கு இரண்டு ஆசிரியர்கள், இரண்டாவது தொகுப்பு நூல் என்பதால் ஆசிரியர் இடம் காலி, மூன்றாவதுக்கு ஒருவர். பிரித்தால் நான்கு வரிசை வரும் என்றுதானே நினைப்போம்? வருவது மூன்று. தொகுப்பு நூல் போயே போய்விட்டது. எர்ரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது.

நியாயமாகப் பார்த்தால் அதன் மேல் தப்பில்லை. காலிச் சரத்தை உடைத்தால் காலி அரே, அதை விரித்தால் பூஜ்யம் வரிசை. நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) இருந்தாலும் அதே கதி. சரி, அப்படியென்றால் இதே பிரிக்கும் வேலையைச் செய்யும் ரெஜெக்ஸ்ப்_ஸ்ப்ளிட்_டு_டேபிள் மட்டும் காலிச் சரத்துக்கு ஒரு காலி வரிசையைக் கொடுக்கிறதே, அது எந்த ஊர் நியாயம்? ஒரே வீட்டில் இரண்டு வழக்கம்.

பிரித்தபிறகு விலையைக் கூட்டினால் இரண்டு ஆசிரியர் உள்ள நூலின் விலை இரண்டு முறை சேரும். அதை முதல் நாளே பிடித்துவிட்டேன், தொகை எகிறியது கண்ணில் பட்டது. காணாமல் போவது அப்படிப் படாது. பிரித்தால் வரிசைகள் எப்படியும் கூடும், அந்தக் கூட்டத்தில் நாலு குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள்? நான் எண்ணவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அன்னெஸ்ட்டோடு சேர்த்துப் போடும் வித் ஆர்டினாலிட்டி மட்டும் தங்கம். 2014-ல் போஸ்ட்கிரெஸ் 9.4 பதிப்போடு வந்தது. எது முதல் பெயர், எது இரண்டாவது என்று எண் போட்டுக் கொடுத்துவிடும். முதன்மை ஆசிரியர் யார் என்ற சண்டை அதோடு முடிந்தது. 2021-ல் 14-ஆம் பதிப்பில் வந்த ஸ்ட்ரிங்_டு_டேபிள் உடைப்பது, விரிப்பது என்ற இரண்டு வேலையையும் ஒரே அடியில் செய்கிறது, ஆனால் காலியை விழுங்குவதில் அதுவும் அண்ணனுக்குத் தம்பிதான்.

வைத்தியம் ஒரு வரி: லெஃப்ட் ஜாயின் லேட்டரல், கடைசியில் ஆன் ட்ரூ. விரித்ததில் ஒன்றும் வராவிட்டாலும் நூலின் வரிசையை விடாமல் வைப்பது அந்த லெஃப்ட்தான். தொகுப்பு நூல், ஆசிரியர் இடத்தில் NULL-ஓடு திரும்பி வந்துவிடும்.

வேகம், எளிமை, ஆர்டினாலிட்டி என்று எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். நண்பருக்குக் குவெரியைத் திருத்தித்தான் அனுப்பினேன். லெஃப்ட் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதே குவெரியை வைத்து நான் ஏற்கெனவே கொடுத்த பழைய ரிப்போர்ட்டுகளை இனிமேல்தான் திறந்து பார்க்க வேண்டும்.