குரோமியக் கழிவுக்குப் பக்டீரியாவா, பெரசு சல்பேற்றா?

ஹற்றன், பண்டாரவளைப் பக்கம் குரோம் பூச்சுப் பட்டறை போட நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. பக்டீரியா, இரும்பு உப்பான பெரசு சல்பேற்று என்ற இரண்டு வழியிலும் நடப்பது ஒன்றுதான்: நீரில் கரைந்து ஓடும் நச்சான அறுவலுக் குரோமியம், எளிதில் கரையாத மூவலுக் குரோமியமாக மாறுகிறது.

வேகம்: சல்பேற்று சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். பக்டீரியாவுக்கு நாட்கள் வேண்டும், மண்ணில் என்றால் மாதங்கள். பசில்லஸ் போன்றவை 30 பாகைச் சூட்டில்தான் சுறுசுறுப்பு. நுவரெலியாவின் சராசரியோ ஏறக்குறைய 16 பாகை.

செலவு: சல்பேற்றும் சுண்ணாம்பும் ஒவ்வொரு தொட்டிக்கும் வாங்க வேண்டும். பக்டீரியாவுக்குக் கரும்புப் பாகு மாதிரி உணவு போதும்.

சேறு: ஒரு குரோமிய அணுவுக்கு மூன்று இரும்பு அணு செலவாவதால் சல்பேற்றில் சேறு குவியும். அதை மழையில் கிடக்க விடவே கூடாது. சரிவுக்குக் கீழே லயத்துப் பிள்ளைகள் பீலித் தண்ணீர் குடிக்கிறார்கள்.

சரி, எது யாருக்கு? பட்டறைத் தொட்டிக்குச் சல்பேற்று. கழிவு ஏற்கெனவே ஊறிப் பரவிய மண்ணுக்குப் பக்டீரியா, தோண்டி அள்ளத் தேவையில்லை. ஆனால் மண்ணில் மங்கனீசு ஒட்சைட்டு இருந்தால் குரோமியம் பழையபடி நச்சாகலாம். அதனால் தண்ணீரைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். குடிநீரில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மைக்ரோகிராம்.