சக்கர நாற்காலியோடு மூன்று வெளிநாட்டுப் பயணங்கள்: காப்பீடு கைகொடுத்த இடமும் கைவிட்ட இடமும்

2012-ல் மேலூர் அருகே நான்குவழிச் சாலையில் நடந்த விபத்தில் எனக்குத் தண்டுவடம் அடிபட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். 2017 முதல் மூன்று முறை அவள் வீட்டுக்குப் போய்வந்திருக்கிறேன், மூன்று முறையும் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு.

முதல் முறை, ஏஜென்ட் விண்ணப்பத்தில் உடல்நிலை பற்றிய பகுதியைக் காட்டி, "இதை எழுத வேண்டாம் அண்ணே, பிரீமியம் ஏறிவிடும்" என்றார். நானும் விட்டுவிட்டேன். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால், உண்மையை மறைத்தார் என்று சொல்லி மொத்த கிளைமையும் தள்ளியிருப்பார்கள். யார் சொன்னாலும் இந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள்.

2019-ல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். போன நான்காம் நாள் சிறுநீர்த் தொற்று, குளிர்காய்ச்சல், இரண்டு நாள் மருத்துவமனை. என்னைப் போல் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) பயன்படுத்துகிறவர்களுக்கு இது வரக்கூடியதுதான். ஊர் வந்து கிளைம் அனுப்பினால், 'ஏற்கெனவே இருந்த நோயின் விளைவு' என்று ஒற்றை வரியில் மறுத்தார்கள். தண்டுவடக் காயம் நோயா? தொற்று அன்றைக்கு வந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவரே கடிதம் தந்தார். அதற்கும் அசையவில்லை. நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். இது எனக்குத் தெரியவந்தபோது அந்த ஓராண்டு கடந்திருந்தது. இன்றும் உறுத்துகிறது.

அதனால் 2023-ல் பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் இரண்டு கேள்விகள் கேட்டேன். தொற்றோ, நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பதால் வரும் அழுத்தப் புண்ணோ வந்தால் பணம் உண்டா? என் நாற்காலியை என்னவாகக் கணக்கில் வைக்கிறீர்கள்? ஒரு நிறுவனம் பதிலே போடவில்லை. இன்னொன்று, உயிருக்கு ஆபத்தான அவசரச் சிகிச்சைக்கு மட்டும் ஒரு வரம்புவரை தருவோம், நாற்காலி லக்கேஜ்தான், முழுதாகத் தொலைந்தால் மட்டுமே பணம் என்று எழுதியது. என்னை நடமாட வைப்பதைத் துணிப்பெட்டியோடு சேர்த்து வைத்தது வலித்தது. ஆனாலும் அந்த பாலிசியையே எடுத்தேன். எது கிடைக்காது என்பதாவது எழுத்தில் இருந்தது.

திரும்பி வரும்போது நாற்காலியின் முன்சக்கரம் வளைந்து வந்தது. பாலிசியில் இதற்கு இடமில்லை என்று முன்பே தெரியும் என்பதால் அதை நம்பி நேரத்தை வீணாக்கவில்லை. விமான நிலையத்தை விட்டு நகராமல், லக்கேஜ் வரும் இடத்திலேயே சேத அறிக்கை எழுதி வாங்கினேன். கிளம்பும்போது எடுத்த படங்களையும் கொடுத்தேன். பழுதுபார்த்த செலவை விமான நிறுவனம் தந்தது. சர்வதேசப் பயணத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்ய 7 நாள் அவகாசம் உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்தபின் எழுதினால், வழியில் உடைந்தது என்பார்கள்.

உள்நாட்டில் ரயில்தான். தூங்கும் வசதிப் பெட்டியில் எனக்கும் துணைக்கு வரும் தம்பிக்கும் 75 சதவீதச் சலுகை கிடைக்கிறது. இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது 45 பைசா காப்பீட்டையும் சேர்த்துவிடுங்கள்; ரயில் விபத்தில் இறந்தாலோ நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம்வரை. பிறகு வரும் இணைப்பில் வாரிசுப் பெயரையும் பதிந்துவிட வேண்டும். நாற்காலிக்கு இதிலும் ஒன்றும் இல்லை.

விடுதிகளைப் பொறுத்தவரை "லிஃப்ட் இருக்கிறது" என்ற சொல்லை நான் நம்புவதில்லை. கன்னியாகுமரியில் ஒரு விடுதியில் லிஃப்ட் இருந்தது. அதற்குப் போக ஐந்து படி ஏற வேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்குத் தம்பியும் காவலாளியும் என்னைத் தூக்கினார்கள். அதன்பின் குளியலறைக் கதவை டேப் வைத்து அளந்து படம் அனுப்பச் சொல்கிறேன். என் நாற்காலியின் அகலம் 63 சென்டிமீட்டர். அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகிறோம். விடுதிக்காரர் நேற்று படம் அனுப்பிவிட்டார்: 71 சென்டிமீட்டர்.